பூப் பார்க்கப் போன இடத்தில் விறகு

அன்புள்ள சார்,

தில்லி இலவம் பூக்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு எழுதுகிறேன். ரிட்டயர் ஆனபின் மயூர் விஹார் ஃபிளாட்டை மகனிடம் விட்டுவிட்டு, வருஷத்தில் பாதி நாள் உத்தராகண்டில் குமாவுன் மலையிலுள்ள முக்தேஸ்வர் பக்கம் இருக்கலாம் என்று அங்கே ஒரு பழைய கல்வீட்டை வாடகைக்கு எடுத்திருக்கிறோம். இப்போது போனால் மலை முழுக்க புராஞ்ச் என்கிற ரோடோடென்ட்ரான் மரம் சிவப்பாகப் பூத்துக் கிடக்கிறது. பக்கத்து வீட்டுப் பெரியவரோ தினமும் வந்து நின்று, "முதலில் விறகை வாங்கிப் பிளந்து அடுக்குங்கள்" என்கிறார். பனி விழ இன்னும் எத்தனையோ மாதம் இருக்கிறது. தீபாவளி கழித்து வாங்கினால் ஆகாதா? வசந்தத்தை அனுபவிக்கிற நேரத்தில் குளிரைப் பற்றி எதற்கு நினைக்க வேண்டும்? என் மனைவி வேறு, "இந்த வயசில் விறகு சேர்க்கிறீங்களே, யாருக்கு?" என்று கேட்கிறாள்.

ஒரு வாசகர், தில்லி

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் வீட்டம்மாவிடம் சொல்லுங்கள், அந்தக் காரியத்துக்கு தில்லி நிகம்போத் காட் சுடுகாட்டில் கேஸ் வந்து வெகுநாள் ஆகிறது, இது குளிர் காய மட்டும்தான் என்று.

பெரியவர் சொல்வதைக் கேளுங்கள். பச்சை மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீராகவே இருக்கும், அதை அடுப்பில் வைத்தால் நெருப்பு முதலில் அந்தத் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆவியாக்கத்தான் பாடுபடும், உங்களுக்கு வந்து சேர்வது மிச்சம் மீதி. ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால்தான் விறகு நன்றாக எரியும். ஈர விறகின் புகை, அறையைச் சூடாக்கும் புகாரி என்கிற இரும்பு அடுப்பின் குழாயில் தாராகப் படிந்து, ஒருநாள் குழாயே தீப்பிடிக்கும். ஐப்பசி மழைக்கு முன்னால் விறகைக் காயவைத்துப் பரணில் ஏற்றிய வீடுகளில் பிறந்தவர்கள்தானே நாம், மழைநாளில் ஊதுகுழலோடு மல்லுக்கட்டி அம்மாக்களின் கண் சிவந்ததைப் பார்க்காதவர் யார்.

குமாவுன் மலையில் கணக்கு இன்னும் கொஞ்சம் கறார். மழை ஜூன் கடைசியில் பிடித்தால் செப்டம்பர் வரை விடாது. அதனால் மார்ச்சில் பிளந்துபோட்டால் ஏப்ரல், மே வெயில் முழுசாகக் கிடைக்கும், மழையில் மேலே தகரம் போட்டுக் காப்பாற்றிவிட்டால் அக்டோபர் வெயிலில் மிச்ச ஈரமும் போய்விடும். தீபாவளிக்கு வாங்கினால் ஜனவரியில் புகைதான் காய வேண்டும். பாஞ்ச் என்கிற அந்த மலை ஓக், கெட்டி மரம், அதற்கு ஒரு வெயில்காலம்கூடப் போதாது, இரண்டு வேண்டும்.

சரி, வசந்தம் என்ன ஆவது? எனக்கு இதில் ஒரு பிடிவாதமான கருத்து உண்டு. பூவைப் பார்க்கவென்றே போய் நிற்கிறவர்கள் பத்து நிமிஷம் பார்ப்பார்கள், அதில் எட்டு நிமிஷம் போனில் போய்விடும், அப்புறம் எங்கே டீ கிடைக்கும் என்று திரும்பிவிடுவார்கள். தில்லியில் லோதி தோட்டத்தில் வருஷா வருஷம் இதைத்தான் பார்க்கிறேன். முற்றத்தில் விறகு அடுக்குகிறவர் பகல் முழுக்க வெளியில் இருக்கிறார். முதுகை நிமிர்த்தும்போதெல்லாம் எதிர்த் தோட்டத்து பீச் மரம் கண்ணில் படும், காலையில் ரோஜா நிறமாக இருந்தது மதியக் காற்றில் உதிர்ந்து உங்கள் விறகுமேலேயே கிடக்கும். பாஞ்ச் மரம் பழைய இலையைக் கொட்டிவிட்டுப் புதுசு விடுவதும் இதே நாட்களில்தான், காற்றடித்தால் இலையின் அடிப்பக்கம் வெள்ளையாகப் புரளும். வசந்தம் போவதைப் பார்க்க வேண்டுமானால் கையில் ஒரு வேலையோடு அங்கேயே கிடக்க வேண்டும். போவதே தெரியாமல் போகிற பருவம் அது, தில்லியில் கேட்கவே வேண்டாம், ஹோலி முடிந்த கையோடு கூலரைத் துடைக்க ஆரம்பித்துவிடுகிறோம்.

விறகும் வேடிக்கை பார்க்கத் தகுந்ததுதான். வெட்டிய முகத்தைத் தொட்டால் முதல்நாள் கை ஈரமாகும். சில வாரத்தில் அந்த முகம் சாம்பல் நிறமாகி நடுவிலிருந்து வண்டிச் சக்கரத்து ஆரங்கள் மாதிரி வெடிப்பு ஓடும். இரண்டு கட்டையை எடுத்துத் தட்டிப் பாருங்கள், பச்சை என்றால் 'தப்'பென்று மழுங்கலாகக் கேட்கும், காய்ந்தது 'டங்'கென்று பேசும். உருட்டுக் கட்டையாக அப்படியே போட்டால் பட்டை ஈரத்தை வெளியே விடாது, பிளக்கத்தான் வேண்டும். தரையில் வைக்காமல் கல் கொடுத்து, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி அடுக்குங்கள். தகரம் தலைக்கு மட்டும், பக்கங்களை பிளாஸ்டிக்கால் மூடினால் பூஞ்சைதான் மிஞ்சும்.

மரம் எங்கே வாங்குகிறீர்கள் என்பதில் ஜாக்கிரதை. 1970களில் சிப்கோ இயக்கத்துப் பெண்கள் மரத்தை வெட்டவிடாமல் கட்டிப்பிடித்து நின்ற உத்தராகண்ட் மலை அது, 1981இல் 1000 மீட்டருக்கு மேலே பச்சை மரங்களை வியாபாரத்துக்கு வெட்டத் தடையும் வந்தது. புராஞ்ச் மாநில மரம், அதன்மேல் கை வைக்காதீர்கள். பழத்தோட்டக்காரர்கள் குளிர்காலத்தில் கழித்த கிளைகளும் பட்டுப்போன ஆப்பிள் மரங்களும் விலைக்குக் கிடைக்கும், அருமையாக எரியும். சீர் பைன் மரம் பற்றவைக்க மட்டும், அதன் பிசின் நிறையக் கரி கக்கும். அந்த ஊர்ப் பெண்களுக்கு விறகு என்பது தலைச்சுமையாகக் காட்டிலிருந்து இறங்குவது, அதனால் நீங்களும் நானும் இதை ரொம்பவும் ரசித்துப் பேசினால் அவர்கள் சிரிப்பார்கள்.

கோடாலி பழக்கமில்லை என்றால் பிளக்க ஆள் வையுங்கள், அடுக்குவதை மட்டும் நீங்களும் வீட்டம்மாவும் செய்யுங்கள். ஹீட்டரையும் கையில் வைத்திருங்கள், ஆனால் பனி விழுந்தால் கரண்டை நம்ப முடியாது. இன்னொன்று, அங்கீட்டி என்கிற கணப்புச் சட்டியில் கரி போட்டு அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கிச் செத்தவர்களின் செய்தி தில்லியிலேயே குளிருக்குக் குளிர் வருகிறது. படுக்கப் போகும்போது அதை வெளியே வைத்துவிடுங்கள்.