பிடுங்க அவசரப்பட வேண்டாம், அக்கா

எட்டு வயது மகன் சைக்கிளால் விழுந்து மேல் முன்பல் உடைந்துவிட்டது, எக்ஸ்ரேயில் வேர் முடியவில்லையாம், பிடுங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து பிடுங்க விடாதீர்கள். அந்த வயதில் வேர் நுனி திறந்திருப்பது நோயல்ல. பல் முளைத்தபின் வேர் முழுதாக வளர ஏறக்குறைய 3 வருடம் பிடிக்கும். உள்ளே நரம்பு உயிரோடு இருந்தால், அந்த நரம்பின் கெட்ட மேல்பகுதியை மட்டும் எடுத்து எம்டிஏ என்ற சீமெந்து போன்ற மருந்தை வைப்பார்கள். வேர் தொடர்ந்து வளரும். நரம்பு செத்திருந்தாலும் அதே மருந்தால் நுனியை அடைத்து வேரை நிரப்பலாம். என்ன, வேரின் சுவர் மெல்லியதாகவே நின்றுவிடும். அதனால்தான் நாள் கடத்தக்கூடாது. யாழ் போதனா வைத்தியசாலையில் காட்டுங்கள், தேவையென்றால் பேராதனை பல் வைத்தியசாலைக்குக் கடிதம் கேளுங்கள். பல் கறுத்தாலோ முரசில் கொப்புளம் வந்தாலோ அன்றைக்கே கூட்டிக்கொண்டு போங்கள்.