சிபிலிஸ் மூளை நரம்புக்கு ஏறிட்டா: பினாங்குலேர்ந்து கேள்வி பதில்

மெடிக்கல் வார்டுல ரொம்ப வருஷமா இருக்கேன். இன்னிக்கு சிபிலிஸ், அதாவது உடலுறவு வழியா தொத்தற மேகநோய், நரம்புக்குப் போறத பத்தி மட்டும் கேளுங்க.

பட்டர்வொர்த் தங்கச்சி: அப்பாவுக்கு 58. ரெண்டு வருஷமா மறதி, கண்டபடி காசு செலவு பண்றாரு. ரத்தத்துல சிபிலிஸ் பாசிட்டிவ், ஆனா கிளினிக்ல வயசுக் கோளாறுன்னு அனுப்பிட்டாங்க.

பதில்: வயசுன்னு விட்டுராதீங்கம்மா. கிருமி உடம்புல பூந்து 10, 20 வருஷம் கழிச்சுகூட இப்படிக் காட்டும், 1913லயே நொகுச்சிங்கற ஆராய்ச்சியாளர் இப்படி செத்துப் போனவங்க மூளையில அந்தக் கிருமிய பாத்துட்டாரு. ஆர்பிஆர், அதாவது சிபிலிஸுக்கு ரத்தத்துல எதிர்ப்பொருள் எவ்வளவுன்னு காட்டற டெஸ்ட், 1:8ஆ 1:64ஆன்னு நம்பரக் கேட்டு எழுதிக்கோங்க, வெறும் பாசிட்டிவ்னு சொன்னா விடாதீங்க. அப்புறம் முதுகுல ஊசி குத்தி, மூளையையும் தண்டுவடத்தையும் சுத்தி இருக்கற முதுகுத் தண்ணிய எடுத்து வெள்ளை அணு, புரோட்டீன், விடிஆர்எல்ங்கற சிபிலிஸ் டெஸ்ட் பாக்கணும், அதுல விடிஆர்எல் நெகட்டிவா வந்தாலும் நோய் இல்லன்னு முடிவு பண்ண முடியாது. மருந்து, வார்டுல படுத்து 4 மணி நேரத்துக்கு ஒருக்கா பென்சிலின், 30லேர்ந்து 40 லட்சம் யூனிட், ரத்தக்குழாய் வழியா, 10லேர்ந்து 14 நாள். போன ஞாபகம் முழுசா திரும்பும்னு சொல்ல மாட்டேன், மேல போகாம நிறுத்தப் பாக்கலாம்.

ஜெலுத்தோங் தம்பி: சிபிலிஸுக்கு இடுப்பு ஊசி மூணு வாரம் போட்டு முடிச்சேன், இப்ப ஒரு கண்ணு மங்குது.

பதில்: இன்னிக்கே கண் டாக்டர்கிட்ட போங்க. இடுப்புல போடற பென்சாதின் பென்சிலின் மூளைத் தண்ணிக்குள்ள பத்தற அளவு போகாது. கண்ணுல வந்தாலும் காதுல வந்தாலும் மேல சொன்ன அதே வைத்தியம்தான்.

செந்தூல் அண்ணே: முதுகுல ஊசி குத்துனா கால் விழுந்துரும், எங்க பெரியப்பாவுக்கு அதான் ஆச்சு. யாரும் கையெழுத்துப் போடாதீங்க.

பதில்: அண்ணே, பெரியவங்களுக்கு தண்டுவடம் இடுப்புல முதல், ரெண்டாவது எலும்புகிட்டயே முடிஞ்சிரும். ஊசி போறது அதுக்கும் கீழ.

செந்தூல் அண்ணே: நீங்க பேசுவீங்க, நடந்தது எங்க வீட்ல.

பதில்: ஊசிக்கு முன்னாடி அவரு இருட்டுல தடுமாறுவாரா? காலத் தரையில தட்டித் தட்டி வைப்பாரா?

செந்தூல் அண்ணே: ...ஆமா, தடுமாறுவாரு.

பதில்: இந்த நோய் தண்டுவடத்தக் கெடுத்தாலும் அப்படித்தான் நடை மாறும், அவருக்கு என்னன்னு ரிப்போர்ட் பாக்காம சொல்ல முடியாது. தலைவலி சில நாள் வரலாம், அது நெசம். ரத்தம் உறையாம இருக்க மருந்து சாப்பிட்டா முன்கூட்டியே சொல்லணும். ஆனா கையெழுத்துப் போடாதீங்கன்னு இங்க எழுதாதீங்க அண்ணே, அந்தத் தங்கச்சி படிச்சிக்கிட்டு இருக்கா.

மூணு பேர்: ஊசி போட்டும் டிபிஎச்ஏங்கற சிபிலிஸ் ரத்த டெஸ்ட் பாசிட்டிவ், ஏன்?

பதில்: அது அநேகமா ஆயுசுக்கும் பாசிட்டிவ்தான். பாக்க வேண்டியது ஆர்பிஆர் நம்பர், 1:32 இருந்தா 1:8க்கு இறங்கணும், அதே லேப்ல. நாலாவதா கேட்டவரே, இதையே படிங்க.

ஹவுஸ்மேன் (பயிற்சி டாக்டர்) தம்பி: டிஸ்சார்ஜ் லெட்டர்ல என்ன எழுதறது?

பதில்: ‘சிபிலிஸ், டிரீட்டட்’னு ரெண்டு வார்த்தையில முடிக்காதீங்க தம்பி. முதல் ஊசி தேதி, டோஸ், எத்தனை நாள், ஆர்பிஆர் நம்பர், முதுகுத் தண்ணியில அணு எத்தனை, கண்மணி வெளிச்சத்துக்கு சுருங்குச்சா, கிட்டப் பாக்கறப்ப சுருங்குச்சா, நடை, ஞாபகம், வாழ்க்கைத் துணைக்கு டெஸ்ட் ஆச்சா, மலேசியாவோட 1988 தொற்றுநோய் சட்டப்படி சுகாதார இலாகாவுக்கு நோட்டிஃபை பண்ண தேதி, எல்லாம் வேணும். ஒரு அம்மா மூணு இடம் மாறி வந்தாங்க, எந்தப் பேப்பர்லயும் நம்பர் இல்ல, மறுபடியும் முதுகுல குத்த வேண்டியதாப் போச்சு.

பட்டர்வொர்த் தங்கச்சி: நாளைக்கு அப்பாவ அட்மிட் பண்றோம்.

பதில்: நல்லதும்மா. முதல் ஊசி போட்ட 24 மணி நேரத்துக்குள்ள காய்ச்சல், நடுக்கம் வரலாம், நர்ஸ்கிட்ட சொல்லுங்க, பயந்துபோய் மருந்த நிறுத்தச் சொல்லிடாதீங்க.