உபரியும் உபநதியும்

அன்புள்ள சார்,

நான் குலசேகரம் பக்கம். பன்னிரண்டாம் வகுப்பு வரைக்கும் தமிழ் மீடியம், இப்போது நர்சிங் முதல் வருடம். மருத்துவச் சொற்களின் முன்னொட்டுகள் என்று பக்கம் பக்கமாக ஒரு பட்டியல் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். ஆங்கில அகரவரிசையில் இருக்கிறது. காலையில் படித்தது சாயங்காலம் நினைவில் இல்லை. ஒரே உறுப்புக்கு ஏன் இரண்டு பெயர் என்றும் புரியவில்லை. கூடப் படிக்கும் கேரளப் பிள்ளைகள் சட்டென்று சொல்லிவிடுகிறார்கள். தமிழில் படித்ததால்தான் எனக்கு இப்படியா? இதையெல்லாம் தமிழிலேயே வைத்தால் என்ன?

ஒரு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

கோட்டயத்திலும் யாரும் கிரேக்கம் பேசுவதில்லை மக்களே. அந்தப் பிள்ளைகள் இந்தச் சொற்களை உனக்கு முன்பே காதில் வாங்கியிருப்பார்கள், அவ்வளவுதான். கோளாறு உன் பட்டியலில் இருக்கிறது. ஆங்கில அகரவரிசையில் அடுக்கினால் ஆப், ஆட், ஆன்டி, ஆன்டே என்று ஒன்றையொன்று குழப்பும் ஒட்டுகள் எல்லாம் முதல் பக்கத்திலேயே கூடி நிற்கும். அதைக் கொஞ்ச நாள் மூடி வை.

வீட்டில் புழங்குவதில் தொடங்கு. சுகர், பிரஷர், தைராய்டு இல்லாத வீடு நம் மாவட்டத்தில் எங்கே இருக்கிறது? மூன்றிலும் ஹைப்பர் உண்டு, ஹைப்போ உண்டு. ஹைப்பர் என்றால் மேலே, அளவுக்கு மிஞ்சியது. ஹைப்போ என்றால் கீழே, குறைந்தது. இரண்டும் கிரேக்கம். இவற்றுக்கு லத்தீனில் உடன்பிறப்புகள் உண்டு: சூப்பர், சப். கிரேக்கத்தில் ஹகரம் வரும் இடத்தில் லத்தீனில் பல சொற்களில் சகரம் வரும். ஹெமி என்றாலும் செமி என்றாலும் பாதி. உடம்பில் ஒரு பாதி செயலிழந்தால் ஹெமிப்ளீஜியா. ஏழுக்கு அங்கே ஹெப்டா, இங்கே செப்டெம். ரோமானியர்களின் பழைய நாட்காட்டியில் செப்டம்பர் ஏழாவது மாதம்.

ஏழு என்றதும் உனக்கு 'சப்த' நினைவுக்கு வந்திருக்கும். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். சமஸ்கிருதமும் இந்த இரண்டு மொழிகளும் ஒரே குடும்பம். அதனால் சமஸ்கிருதம் வழியாகத் தமிழில் வந்து சேர்ந்த ஒட்டுகள் உனக்கு ஏற்கெனவே தெரியும். ஹைப்பருக்கு உறவு 'உபரி'. உபரி வருமானம் என்கிறோமே, அதே உபரி. ஹைப்போவுக்கு உறவு 'உப', உபநதியில் வருவது. சுற்றி என்ற பொருளுள்ள பெரி நம் பரிவாரத்தில் வரும் 'பரி'. இதயத்தைச் சுற்றியிருக்கும் உறை பெரிகார்டியம். துர்நாற்றத்தின் 'துர்'தான் டிஸ். மூச்சுவிடச் சிரமம் என்றால் டிஸ்ப்னியா. இல்லாமைக்கு இரண்டு பக்கமும் அ, அன். மெய்க்கு முன்னால் அசுத்தம், உயிருக்கு முன்னால் அனாதி. அங்கேயும் அதே கணக்கு: மூச்சு நின்றால் ஆப்னியா, ரத்தம் போதாவிட்டால் அனீமியா. தமிழ் மீடியத்தில் படித்தது எந்த வகையில் உனக்குக் குறை?

சரி, இரண்டு பெயர் விஷயம். ரோமில் மருத்துவம் பார்த்த பெரிய வைத்தியர்களில் பலர் கிரேக்கர்கள். 2ஆம் நூற்றாண்டில் ரோமப் பேரரசர்களுக்கு வைத்தியம் பார்த்த கேலன் எழுதியதே கிரேக்கத்தில்தான். பிறகு ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களின் மொழி லத்தீன் ஆனது. வெசாலியஸ் 1543இல் வெளியிட்ட உடற்கூறு நூல் லத்தீனில் இருக்கிறது. இரண்டையும் யாரும் கைவிடவில்லை. ஆகவே சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தக்குழாய் ரீனல் ஆர்ட்டரி, சிறுநீரக அழற்சி நெஃப்ரைட்டிஸ், அதற்கான துறை நெஃப்ராலஜி. உறுப்பைச் சொல்ல லத்தீன், நோய்க்கும் துறைக்கும் கிரேக்கம் என்று ஏறக்குறைய வைத்துக்கொள்ளலாம். ரீனல் ஃபெயிலியர் மாதிரி மீறல்களும் உண்டு. ஹைப்போடெர்மிக், சப்கியூட்டேனியஸ் இரண்டுக்கும் பொருள் தோலுக்கு அடியில் என்பதே; முன்னது முழுக் கிரேக்கம், பின்னது முழு லத்தீன். ஹைப்பர்டென்ஷனோ கிரேக்கத் தலையும் லத்தீன் உடம்புமாக இருக்கிறது. பண்டிதர்கள் முகம் சுளித்தாலும் ஆஸ்பத்திரிகளில் அதுதான் ஓடுகிறது.

சொல்லை உடைத்துப் பழகு. குளச்சல் கடற்கரையில் கணவாய் பார்த்திருப்பாய். தலையிலிருந்தே கால் புறப்படுவதால் அது செஃபலோபாட். செஃபல் தலை, பாட் கால். தலைக்குள் நீர் சேர்ந்தால் ஹைட்ரோசெஃபலஸ். 'என்' என்றால் உள்ளே. தலைக்குள் இருக்கும் மூளையில் அழற்சி வந்தால் என்செஃபலைட்டிஸ். ஒரு கணவாயைத் தெரிந்துகொண்டால் இரண்டு நோய்க்கு வழி கிடைக்கிறது.

தமிழில் வைக்கலாமா என்றால், வைத்தே இருக்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிஷன் டாக்டர் சாமுவேல் கிறீன் மேல்நாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார், பாடநூல்களையும் தமிழில் கொண்டுவந்தார். மிகை, குறை, உயர், தாழ் என்று முன்னால் அடைமொழி வைத்துத் தமிழ் இதைச் சிரமமில்லாமல் செய்யும். ஆனால் உன் கேஸ் ஷீட்டை நாளை டெல்லியிலோ துபாயிலோ ஒருவர் படிக்க வேண்டியிருக்கும். அதில் கிரேக்கம் இருக்கட்டும். ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரி வார்டில் ஒரு பாட்டி "எனக்கு என்ன தீனம் மக்களே?" என்று கேட்டால் ஹைப்போதைராய்டிசம் என்று சொல்லிவிட்டு நகராதே. தைராய்டு சுரப்பி வேலை செய்வது போதவில்லை என்று சொல்.

அப்புறம், இதில் உயிர் சம்பந்தப்பட்ட ஒரு விஷயம் இருக்கிறது. ஹைப்பரும் ஹைப்போவும் போனில் ஒன்றுபோலக் கேட்கும். ரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் ஹைப்போகிளைசீமியா. உடனே சர்க்கரை கொடுக்க வேண்டும். அதை ஹைப்பர் என்று கேட்டு இன்சுலின் போட்டால் ஆள் பிழைப்பதே கஷ்டம். ஒட்டை மட்டும் நம்பாமல் எண்ணையும் கேட்டு வாங்கு. பிரசவத்துக்கு முந்தையதைச் சொல்லும் ஆன்டிநேட்டலில் உள்ளது லத்தீன் ஆன்டே, அதாவது முன்பு. ஆன்டிபயாட்டிக்கில் உள்ளது கிரேக்க ஆன்டி, அதாவது எதிர். நம் வாயில் இரண்டும் ஒன்றாகிவிடும். கைகாலை உடம்பின் நடுக்கோட்டிலிருந்து விலக்கினால் ஆப்டக்ஷன், நடுக்கோட்டை நோக்கிக் கொண்டுவந்தால் ஆடக்ஷன். இதை வேகமாகச் சொன்னால் வித்தியாசம் தெரியாது என்பதால் ஏ-பி-டக்ஷன், ஏ-டி-டக்ஷன் என்று எழுத்தைப் பிரித்துச் சொல்கிற வழக்கமே உண்டு. வைவா என்னும் வாய்மொழித் தேர்வில் நீயும் அப்படியே சொல்லலாம்.