கால் எலும்பு இல்லாமல் பிறந்த குழந்தை: காரணம் என்ன?

கேள்வி: என் மகளுக்கு 3 மாதம் ஆகிறது. வலது கால் குட்டையாக இருக்கிறது, பாதத்தில் நான்கு விரல்கள்தான். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு ‘ஃபிபுலா’ எலும்பே இல்லை என்கிறார்கள். கர்ப்பத்தின் ஐந்தாம் மாதத்தில் படியில் சறுக்கி விழுந்தேன். காய்ச்சலுக்குப் பாரசிட்டமாலும் போட்டேன். அதனால் வந்ததா? அடுத்த குழந்தைக்கும் வருமா?

பதில்: இல்லை, அந்த இரண்டாலும் வரவில்லை. இதை உறுதியாகச் சொல்ல முடிவதற்குக் காரணம், கால் உருவாகும் காலம். கரு உண்டான நான்காவது வாரத்தில் சின்ன மொட்டாகக் கால் முளைக்கிறது. எட்டாவது வாரம் முடிவதற்குள் தொடை, முழங்கால், பாதம், விரல் என்று அமைப்பு முடிந்துவிடும். அப்புறம் நடப்பது வளர்ச்சி மட்டுமே. நீங்கள் விழுந்தபோது அந்த எலும்பு இல்லாமல் போய்ப் பல வாரங்கள் ஆகியிருக்கும்.

முழங்காலுக்குக் கீழே இரண்டு நீள எலும்புகள் உண்டு. உட்பக்கம் தடிமனானது டிபியா, வெளிப்பக்கம் மெல்லியது ஃபிபுலா. பிறவியிலேயே நீள எலும்பு இல்லாமல் போகும் குறைகளில் ஃபிபுலா இல்லாததுதான் அதிகம். ஆனாலும் அபூர்வம்தான். இதில் பெரும்பாலும் பரம்பரைத் தொடர்பு இருப்பதில்லை. கால் மொட்டில் ரத்தக்குழாய்கள் சரியாக அமையாததே காரணம் என்று ஒரு கருத்து உண்டு. இன்னும் நிரூபணமாகவில்லை, ஆனால் எனக்கு அது பொருத்தமாகவே படுகிறது. இந்தக் குழந்தைகள் பலருக்கு அந்த ஒரு எலும்போடு முழங்காலின் தசைநார்களும் பாதத்தின் வெளிவிரல்களும் சேர்ந்தே குறைகின்றன.

மாத்திரையால் கால் ஊனமாவதே இல்லையா என்றால், உண்டு. தாலிடோமைடு அதற்குச் சாட்சி. 1957-இல் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்து 1961-இல் திரும்பப் பெறப்படுவதற்குள் பல ஆயிரம் குழந்தைகளின் கைகால்களைச் சிதைத்தது. அதுவும் கரு உண்டான சுமார் 20 முதல் 36 நாட்களுக்குள் சாப்பிட்டவர்களுக்குத்தான். பாரசிட்டமாலை அந்த வரிசையில் வைக்க எந்த ஆதாரமும் இல்லை.

தாயின் சர்க்கரை நோய் இன்னொரு காரணம். கர்ப்பத்தின் பின்பகுதியில் வரும் சர்க்கரையைச் சொல்லவில்லை, கருத்தரிக்கும்போதே கட்டுப்பாடில்லாமல் இருக்கும் சர்க்கரையைச் சொல்கிறேன். அது முதுகெலும்பின் அடிப்பகுதி, தொடை எலும்பு ஆகியவற்றின் வளர்ச்சியைப் பாதிக்கலாம். பனிக்குடச் சவ்வு கிழிந்து அதன் இழைகள் காலைச் சுற்றி இறுக்குவதும் உண்டு. இது மற்றவற்றைப் போலில்லை, பிந்தியும் நடக்கும். ஆனால் அது காலில் வளையம்போல் தடம் பதிக்கும், அல்லது நுனியைத் துண்டிக்கும். உள்ளே ஒரு எலும்பை மட்டும் தேர்ந்தெடுத்து நீக்காது.

அடுத்த குழந்தையைப் பற்றி: குடும்பத்தில் வேறு யாருக்கும் இல்லை, மகளுக்கு ஒரு காலில் மட்டும்தான், கைகள் நன்றாக இருக்கின்றன என்றால், திரும்ப வரும் வாய்ப்பு மிகக் குறைவு. டிபியா இல்லாத குழந்தை என்றால் இவ்வளவு நிம்மதியாகச் சொல்லமாட்டேன். அதில் பரம்பரையாக வரும் வகைகள் உண்டு, மரபணு ஆலோசனை கட்டாயம் வேண்டும். உங்களுக்கு, அடுத்த கர்ப்பத்தில் 18 முதல் 20 வாரங்களில் எடுக்கும் விரிவான ஸ்கேனில் கால் எலும்புகளையும் அளக்கச் சொன்னால் போதும்.

இப்போது செய்ய வேண்டியது, குழந்தைகளுக்கான எலும்பு மருத்துவரிடம் காட்டுவது. கீழ்க்கால் எக்ஸ்ரேயோடு நிறுத்தாமல் இடுப்பையும் தொடையையும் பார்க்கச் சொல்லுங்கள். பல நேரம் தொடை எலும்பும் சற்றுக் குட்டையாக இருக்கும்.