கொழும்புக்குப் படிக்கப் போகிறவர்களின் காசுக் கேள்விகள்

திருகோணமலையில் இருந்து கொழும்புப் பக்கம் படிக்கப் போகிற பிள்ளைகளும் பெற்றோரும் கேட்டவை இவை. பதில் சொல்கிற நான், அங்கே நாலு வருசம் போர்டிங்கில் இருந்து படித்துவிட்டு இப்போது ஊரில் கணக்கு வேலை பார்க்கிறவன்.

உப்புவெளி மாணவி: மகாபொல (பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்கு மாதாமாதம் கிடைக்கும் உதவிப்பணம்) கிடைத்தால் அதில் வாடகை கட்டலாமா அண்ணா?

வேண்டாம் தங்கச்சி. 2025 வரவுசெலவுத் திட்டத்தில் 5,000 ரூபாயை 7,500 ஆக்கினார்கள், நல்ல விசயம். ஆனால் அது சொன்ன நாளில் வராது; சில நேரம் இரண்டு மாதக் காசு சேர்ந்து விழும். அன்றைக்குக் கொத்துக் கடைக்காரருக்குத்தான் யோகம்! வீட்டுக்கார அம்மாவோ ஒன்றாம் திகதியே கதவைத் தட்டுவா. வாடகை வீட்டுக் காசில் போகட்டும். மகாபொல போட்டோகொப்பிக்கும் பஸ்ஸுக்கும். பஸ்ஸுக்கு சீசன் டிக்கெட் எடுத்தால் இன்னும் மிச்சம், ஆனால் அது சிடிபி (அரசாங்க) பஸ்ஸில் மட்டும்தான் செல்லும்.

மூதூர் தந்தை ஒருவர்: மகனுக்குக் கட்டுபெத்தையில் ஒரு அறை பார்த்திருக்கிறோம். வாடகை குறைவு, கரண்ட் பில்லைப் பங்கு போட வேண்டுமாம். எடுக்கலாமா?

மீட்டரைப் பார்க்காமல் சரி சொல்லாதீர்கள் ஐயா. நம் நாட்டில் வீட்டு மின்சாரத்துக்கு யூனிட் கூடக் கூட ஒரு யூனிட்டின் விலையும் கூடும். 180 யூனிட்டைத் தாண்டினால் உச்ச விலை. மாத நிலைக் கட்டணமும் ஏறிவிடும். தனியாக இருந்தால் உங்கள் மகன் 40 யூனிட்டோடு நிற்பான். ஒரே மீட்டரில் எட்டுப் பேர், எட்டு ரைஸ் குக்கர் என்றால், அவன் பாவித்த அதே 40 யூனிட்டுக்குப் பல மடங்கு கொடுக்க வேண்டி வரும். போன இரண்டு மாத பில்லைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் வேறு அறை பாருங்கள்.

கிண்ணியா தம்பி: சமைப்பதா, கடையில் சாப்பிடுவதா?

சோற்றுப் பார்சல் 400 ரூபாய் என்றே வைப்போம். இரண்டு நேரம், 30 நாள்: 24,000. இரவுக்காவது சோறு வை. உம்மா இடித்த தூளும் ஊர்க் கருவாடும் கையில் இருந்தால் கறிக்கும் பெரிதாகச் செலவில்லை. கருவாட்டை மட்டும் ஜன்னலைத் திறந்து வைத்துப் பொரி. மணத்துக்காகவே என்னை ஒரு அறையில் இருந்து எழுப்பினார்கள்.

சாம்பல்தீவு மாணவன்: பெடியன்கள் சீட்டுப் பிடிக்கிறார்கள். சேரட்டா?

சம்பளம் இல்லாதவர்கள் பிடிக்கிற சீட்டு மூன்றாம் மாதமே நின்றுவிடும். சேராதே.

நகரத்தில் இருந்து ஒரு தாய்: மூன்று மாத முற்பணம் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

கொடுக்கலாம் அக்கா, எழுத்தில் வாங்கிக்கொண்டு. தொகை, திகதி, எத்தனை நாள் முன்னறிவித்தால் திருப்பித் தருவார்கள், இவ்வளவும் அதில் இருக்க வேண்டும். முடிந்தால் வங்கியில் போடுங்கள், சிட்டை மிஞ்சும். நான் முதல் வருசம் கையில் கொடுத்தேன், துண்டு கேட்க வெட்கம். விட்டு வரும்போது சுவரில் ஆணி அடித்த கணக்கு, பைப் உடைந்த கணக்கு என்று சொல்லி ஒரு சதம் தரவில்லை. ஆணி எனக்கு முன் இருந்தவன் அடித்தது.