கிதாரைத் திறப்பதற்கு முன் வாரண்டி அட்டையை எடுங்கள்

கேள்வி: ஏழு மாதம் முன்பு ஆன்லைனில் 11,500 ரூபாய்க்கு ஸ்ட்ராட் மாடல் எலக்ட்ரிக் கிதார் வாங்கினேன். ஆம்ப்பில் செருகினால் ஒரே இரைச்சல். தந்திகள் கழுத்திலுள்ள ஃப்ரெட் கம்பிகளில் உரசுகின்றன. பிக்கப், பிரிட்ஜ் எல்லாவற்றையும் மாற்றச் சொல்கிறார் நண்பர். 9,000 ரூபாய் ஆகுமாம். வீட்டிலேயே செய்யலாமா? வாரண்டி போய்விடுமா?
- வாசகர், திருமங்கலம்

பதில்: அந்த ஒன்பதாயிரத்தை இப்போதைக்குத் தொடாதீர்கள். உரசலுக்கும், தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்புக்கும் சம்பந்தமே இல்லை. தடித்த தந்தியை முதல் ஃப்ரெட்டிலும், கழுத்து உடலோடு சேரும் இடத்து ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள். ஏழாவது, எட்டாவது ஃப்ரெட் பக்கம் ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் இடைவெளி இருக்க வேண்டும். இல்லையென்றால் கழுத்துக்குள் ஓடும் ட்ரஸ் ராட் என்ற இரும்புக் கம்பியை ஆலன் கீயால் இடப்பக்கமாகக் கால் சுற்றுத் தளர்த்தி, மறுபடி சுருதி சேர்த்துப் பாருங்கள். ஒரே தடவையில் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். அப்புறம் 12-வது ஃப்ரெட்டில் ஸ்டீல் ஸ்கேல் வைத்துத் தந்தியின் உயரத்தை அளந்து, உடலில் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜில் சரிசெய்யுங்கள். தடித்த தந்திக்கு 2 மி.மீ., மெல்லியதற்கு 1.5 மி.மீ. போதும்.

இரைச்சலுக்கு வருவோம். கிதாரோடு மெதுவாகத் திரும்புங்கள். திசைக்குத் திசை இரைச்சல் கூடிக் குறைந்தால், அது ஒற்றைச் சுருள் பிக்கப்பின் இயல்பு. வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் ஓசையை அது வாங்கிக்கொள்கிறது. தந்தியைத் தொட்டதும் குறைந்தால், எர்த் ஒயர் நன்றாக இருக்கிறது, உள்ளே வெளி இரைச்சலைத் தடுக்கும் மறைப்புத்தான் போதவில்லை என்று பொருள். ஒயர் குழிக்குள் செம்புத் தகடு டேப் ஒட்டினால் பெருமளவு அடங்கும். தொட்டும் எந்த மாற்றமும் இல்லையா? பிரிட்ஜுக்குப் போகும் எர்த் ஒயர் கழன்றிருக்கலாம். அது வாரண்டியில் கேட்க வேண்டிய குறை. ஒரு வருட வாரண்டி என்றால் உங்களுக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. எதையும் கழற்றுவதற்கு முன் வீடியோ எடுத்து, எழுத்தில் புகார் அனுப்புங்கள். நீங்கள் சால்டரிங் வைத்தபின் கேட்டால், மறுப்பதற்குக் காரணத்தை நீங்களே கொடுத்ததாகிவிடும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். இரண்டு துளை சாக்கெட்டில் செருகுவதற்காக ஆம்ப் பிளக்கின் மூன்றாவது பின்னை உடைக்கவே கூடாது. கிதார் தந்திகள் அந்த எர்த்தோடுதான் இணைந்திருக்கின்றன. ஆம்ப்பில் கோளாறு வந்தால் மின்சாரம் உங்கள் விரலுக்கே வரும். பழைய வீடு என்றால் எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த் பார்த்துவிடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒலி பிடிக்கவில்லை, வாரண்டியும் முடிந்துவிட்டது என்றால் தாராளமாகப் பிக்கப் மாற்றுங்கள். 40 வாட் சால்டரிங் அயர்ன் போதும். கழற்றுமுன் ஒவ்வொரு ஒயரையும் போட்டோ எடுங்கள். பிக்கப் சுருளின் கம்பி தலைமுடியைவிட மெல்லியது. என் முதல் முயற்சியில் ஸ்க்ரூடிரைவர் வழுக்கி அதில் பட்டது. நல்ல பிக்கப் ஒன்று அந்த நொடியே ஊமையாகிவிட்டது. மாட்டியபின் பிக்கப்பைத் தந்திக்கு மிக நெருக்கமாக ஏற்றாதீர்கள். காந்தம் தந்தியைப் பிடித்து இழுக்கும், சுருதி அலையும்.

கேள்வி: ‘அல்நிகோ காந்தம்’ என்று போட்டிருந்த பிக்கப் செட்டை ஆன்லைனில் வாங்கினேன். வந்தது செராமிக் போலத் தெரிகிறது. திருப்பி எடுக்க முடியாது என்கிறார் விற்பவர்.
- வாசகர், வில்லாபுரம், மதுரை

பதில்: கவிழ்த்துப் பாருங்கள். அடியில் பட்டையாக ஒரு கறுப்புக் காந்தம் ஒட்டியிருந்தால் அது செராமிக்தான். அல்நிகோ (அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த காந்தம்) வகை ஒற்றைச் சுருளில் பொதுவாகத் தந்திகளுக்கு நேர்கீழே தெரியும் ஆறு உருளைகளே காந்தம்; அடியில் பட்டை இருக்காது. விளம்பரத்தில் சொன்னதற்கு மாறான பொருளைத் திரும்பப் பெறவோ பணம் தரவோ விற்பவர் மறுக்கக் கூடாது என்கின்றன 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள். மாட்டிப் பார்க்காதீர்கள். விளம்பரப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், பில், பிக்கப்பின் அடிப்பக்கப் போட்டோ மூன்றையும் வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு அழையுங்கள். அதிலும் தீரவில்லையென்றால், விற்பவர் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையுள்ள பொருளுக்குக் கட்டணம் கிடையாது.