அவர் அழவில்லை, எரிந்து விழுகிறார்

மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு,

என் கணவருக்கு 43 வயது. குமாரபாளையத்தில் எட்டுத் தறி வைத்துக் கூலிக்கு ஓட்டுகிறோம். ஏழெட்டு மாதமாக ஆளே மாறிவிட்டார். பாவில் ஓர் இழை அறுந்தால்கூட வேலைக்கு வரும் பையனைக் கத்துகிறார். போன வாரம் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகன் எதிரிலேயே சோற்றுத் தட்டை வீசினார். பதினோரு மணிக்குப் படுத்தால் மூன்று மணிக்கு எழுந்து திண்ணையில் உட்கார்ந்துவிடுகிறார். முதுகுவலி, நெஞ்சு இறுக்கம் என்று இரண்டு ஆஸ்பத்திரி பார்த்தோம். இசிஜி, எக்ஸ்ரே எல்லாம் நார்மல் என்றார்கள். மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கித் தினமும் போடுகிறார். எப்போதாவது குடித்தவர் இப்போது தினமும் ஒரு குவார்ட்டர். ஞாயிற்றுக்கிழமை கறி சமைத்தாலும் நாலு வாய்க்கு மேல் இறங்குவதில்லை. தறிக் கடனைப் பற்றி நேற்று பேசும்போது, "நான் போயிட்டா இன்சூரன்ஸ் பணமாவது உங்களுக்கு வரும்" என்றார். டாக்டரிடம் போகலாம் என்றால், "எனக்கென்ன பைத்தியமா?" என்கிறார். ஒரு சொட்டுக் கண்ணீர்கூட விடாதவருக்கு மனநோய் இருக்குமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புச் சகோதரிக்கு,

இன்சூரன்ஸ் பணம் என்று அவர் சொன்னதைக் கோபத்தில் வந்த பேச்சு என்று விட்டுவிடாதீர்கள். முதலில் கவனிக்க வேண்டியது அதைத்தான். இன்றே, அவர் குடிப்பதற்கு முன், மகன் பக்கத்தில் இல்லாதபோது நேராகக் கேளுங்கள்: "மாமா, நேத்து அப்படிச் சொன்னீங்களே, செத்துப் போயிடலாம்னு நெனப்பு வருதா?" கேட்டால் இல்லாத எண்ணத்தைத் தூண்டிவிடுவோமோ என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி நடப்பதில்லை. உள்ளே அழுத்திக்கொண்டிருப்பதைச் சொல்ல அவருக்கு ஒரு வழி கிடைக்கும். "ஆமாம்" என்றால் அழாமல், திட்டாமல், சத்தியம் வாங்காமல் கேளுங்கள். எப்படி, எப்போது என்று யோசித்து வைத்திருந்தால் ஒரு நிமிடமும் தனியாக விடாதீர்கள். 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். என்ன பேசுவது என்று புரியாவிட்டால் மத்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, தமிழக அரசின் மருத்துவ உதவி எண் 104 இரண்டிலும் இரவிலும் தமிழில் பேசலாம், கட்டணமில்லை. பூச்சிமருந்து, எலி மருந்து, மிச்ச மாத்திரைகள் எதுவும் வீட்டிலும் பட்டறையிலும் இருக்கக் கூடாது. மூன்று மணிக்கு அவர் எழுந்தால் நீங்களும் எழுந்து கூட உட்காருங்கள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். கண்ணீர் இல்லாமலும் மனச்சோர்வு வரும். மனம் தாழ்ந்து கிடப்பது, எதிலும் நாட்டமில்லாமல் போவது, இந்த இரண்டில் ஒன்றாவது இருக்க வேண்டும். அதோடு தூக்கம், பசி, களைப்பு, கவனம், குற்ற உணர்வு, பதற்றமோ மந்தமோ, சாவு பற்றிய எண்ணம் என எல்லாம் சேர்த்து ஒன்பதில் ஐந்து அறிகுறிகள், அநேகமாக நாள் முழுக்க, இரண்டு வாரம் தொடர்ந்தால் மருத்துவர்கள் இந்த நோயாகக் கணக்கில் எடுப்பார்கள். ஆண்கள் பலரிடம் துக்கம் துக்கமாக வெளியே தெரிவதில்லை. எரிச்சல், குடி, ஓயாத வேலை, உடம்பு வலி என்று தெரிகிறது. விடியுமுன் விழித்துக்கொள்வதும், கறிச்சோறு இறங்காததும் இந்த நோயின் பழைய அடையாளங்கள். நெஞ்சு இறுக்கத்தை அவர் கற்பனை செய்யவில்லை. இசிஜி நார்மல் என்றால் அந்தச் சோதனையில் இதயக் கோளாறு தெரியவில்லை என்று அர்த்தம், வலி பொய் என்று அர்த்தமில்லை. பரிசோதித்து உறுதி செய்ய வேண்டியது டாக்டர்தான். ஆனாலும் நீங்கள் எழுதியதைப் படித்தால் சந்தேகம் பலமாகவே இருக்கிறது.

"பைத்தியமா?" என்பவரிடம் மனநோய் என்ற சொல்லோடு போகாதீர்கள். தூக்கத்தை வைத்துத் தொடங்குங்கள்: "நாலு மணி நேரத்துக்கு மேல தூங்கவே மாட்டேங்கறீங்க, அதுக்கு ஒரு டாக்டரைப் பார்க்கலாம்." தூக்கமில்லை என்று ஒப்புக்கொள்ள ஆண்கள் அவ்வளவு தயங்குவதில்லை. இந்த நோய் பலருக்குக் காலையில் கனமாக இருந்து சாயங்காலம் சற்றே இறங்கும். அதனால் ஐந்து மணி வாக்கில், தறி நின்றிருக்கும்போது, வண்டியில் போகையிலோ பக்கத்தில் உட்கார்ந்தோ பேசுங்கள். எதிரே நின்று கேட்டால் விசாரணை மாதிரி ஆகிவிடும். "மனசைத் தைரியமா வெச்சுக்கங்க" என்பதை மட்டும் யாரும் சொல்ல வேண்டாம். அது முடியாததுதான் நோயே.

மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. போகும்போது ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள்: எத்தனை மணி நேரம் தூங்குகிறார், எடை எவ்வளவு குறைந்தது, தினம் எவ்வளவு குடிக்கிறார், எந்த மாத்திரை போடுகிறார், குடும்பத்தில் யாருக்காவது இப்படி இருந்ததா, இன்சூரன்ஸ் பற்றி என்ன சொன்னார். முன்பு எப்போதாவது தூக்கமே தேவைப்படாமல், அளவுமீறிய உற்சாகத்தோடு, கண்மண் தெரியாமல் செலவு செய்த நாட்கள் இருந்தால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். அது இருதுருவ நோயாக (பைபோலார்) இருந்தால் வெறும் மனச்சோர்வு மாத்திரை நிலையைத் தலைகீழாகப் புரட்டிவிடலாம், சிகிச்சையே வேறு. தைராய்டு, ரத்தச் சர்க்கரை, ஹீமோகுளோபின், வைட்டமின் பி12 பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். இவற்றில் கோளாறு இருந்தாலும் சோர்வு இதே மாதிரி வரும்.

எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின் போன்ற மனச்சோர்வு மாத்திரைகள்தான் பெரும்பாலும் முதலில் எழுதப்படுகின்றன. முதல் வாரம் குமட்டல், தலைவலி, ஒருவிதப் பரபரப்பு இருக்கலாம். பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். "பத்து நாள் போட்டேன், ஒண்ணும் ஆகலை" என்று பலரும் நிறுத்துவது இந்த இடைவெளியில்தான். மனம் தேறுமுன் உடம்பில் தெம்பு வந்துவிடுவதும் உண்டு, சாவு எண்ணம் இருந்தால் அதைச் செய்துவிடும் ஆபத்து அப்போது கூடலாம், ஆகவே இந்த வாரங்களில்தான் கண்காணிப்பு கூடுதலாக வேண்டும். தினமும் போடும் வலி மாத்திரையும் இதுவும் சேர்ந்தால் இரைப்பையில் ரத்தக்கசிவுக்கு வாய்ப்பு அதிகம், டாக்டரிடம் மறைக்காதீர்கள். தாம்பத்தியத்தில் நாட்டம் குறைந்தாலோ தாமதமானாலோ வெட்கப்பட்டுத் தானாக நிறுத்த வேண்டாம். மருந்தையோ அளவையோ மாற்றித் தருவார்கள். குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும். சட்டென்று விட்டால் தலைச்சுற்றல் வரலாம், ஷாக் அடித்தது போலிருக்கலாம். இவை போதை மாத்திரைகள் அல்ல.

குடி தூக்கத்தை வரவழைப்பதுபோல் வரவழைத்து, பின்னிரவில் கலைத்துவிடும். சோர்வையும் கூட்டும். ஆனால் தினம் குடிப்பவரை வீட்டில் பூட்டி வைத்து ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். கை நடுக்கம், வியர்வை, வலிப்பு வரை போகலாம். டாக்டர் மேற்பார்வையில் குறைக்கட்டும்.

தறி ஓட்டுவதை முழுதாக நிறுத்த வேண்டியதில்லை. மனசு வந்தால் செய்யலாம் என்று காத்திருந்தால் இந்த நோயில் அது வரவே வராது. செய்யத் தொடங்கினால்தான் கொஞ்சம் கொஞ்சமாக வரும். தினமும் ஒரே நேரத்தில் எழுந்து, வெயில் ஏறுமுன் பத்து நிமிட நடை, பிறகு முடிக்கக்கூடிய ஒரே ஒரு வேலை. முதல் வாரத்துக்கு இது போதும். பட்டியலை நீட்டினால் இரண்டாம் நாளே தோற்ற உணர்வோடு விட்டுவிடுவார். கடனைத் தலைக்குள் வைத்துச் சுற்றாமல், யாருக்கு எவ்வளவு, வட்டி என்ன, தவணை எப்போது என்று தாளில் எழுதுங்கள். இந்த வாரம் கட்டியே ஆக வேண்டியது எது என்று மட்டும் பாருங்கள். உங்கள் அண்ணன், மைத்துனர் என நம்பிக்கையான ஒருவர் கூட இருந்தால் நல்லது. புதிய கடன், தறியை விற்பது போன்ற முடிவுகள் இப்போது வேண்டாம்.

மகனிடம், "அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, வைத்தியம் பார்க்கிறோம், உன் மேல தப்பில்லை" என்று சொல்லிவிடுங்கள். தட்டை வீசியதற்கு நோய் ஒரு காரணமாக இருக்கலாம், நீங்கள் அடி வாங்கிக்கொள்ள அது அனுமதி ஆகாது. கை நீண்டால் பையனோடு வீட்டை விட்டு வெளியேறி, பெண்கள் உதவி எண் 181-ஐ அழையுங்கள்.

எவ்வளவு சொல்லியும் அவர் வர மறுத்தால், அந்தத் தாளோடு நீங்கள் மட்டும் முதலில் போய் டாக்டரிடம் பேசலாம். எப்படி அழைத்து வருவது என்று வழி சொல்வார்கள். சோற்றில் கலந்து கொடுக்க மாத்திரை கேட்காதீர்கள், யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். என்றைக்காவது அவருக்குத் தெரிய வந்தால் உங்கள் கையால் சாப்பிடவே சந்தேகப்படுவார், அதன்பின் சிகிச்சைக்கு அழைத்து வருவது மிகவும் கடினம்.